கம்பன் போன பாதை

அதிராம்பட்டினம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாலு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீ பார்த்து வரச் சொன்ன மீட்டர் கேஜ் இங்கே ஒரு முழம்கூட மிச்சமில்லை. அகலப்பாதை வந்து, புது நடைமேடை போட்டு, ஸ்டேஷன் பளிச்சென்று இருக்கிறது. உன் மாதிரி ஆட்களுக்கு ஏமாற்றம்தான். எனக்கு இல்லை.

திருவாரூரில் ஏறினேன். திருத்துறைப்பூண்டி வரை கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல். முத்துப்பேட்டை தாண்டியதும் காவிரியின் கடைமடை. மண் வெளுத்து, காற்றில் உப்பு ஏறுகிறது. சாயங்காலம் உப்பளத்துப் பக்கம் நடந்தேன். பாத்தியில் உறைந்ததை நீளக் காம்புப் பலகையால் வரப்போரம் இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வாரிய உப்பு ஈரத்தில் லேசாகச் சாம்பல் பூத்திருக்கிறது. காய்ந்த குவியல்தான் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை.

இந்தப் பாதையை யார் காசில் போட்டார்கள் தெரியுமோ? தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு சேர்த்து ரயிலுக்கென்றே தனி வரி வசூலித்தது. அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-இல் வண்டி விட்டார்கள். 1902, 1903-இல் அது பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கிக்குப் போனது. காரைக்குடியைத் தொட 1952 ஆயிற்று. லண்டன் கம்பெனி முதல் போட்ட பாதை இல்லை இது. நெல் விளைவித்தவன் கொடுத்த வரி. ஊர்க்காரர்கள் வண்டியைப் பற்றிப் பேசும்போது குரலில் ஓர் உரிமை ஒலிப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இது என் ஊகம்.

ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஒரு பெரியவர் அகப்பட்டார். எல்லோரும் அவரை ‘காக்கா’ என்றார்கள். இங்கே அண்ணனைக் கூப்பிடும் முறை அது. முன்பு இந்த வழியாக எழும்பூருக்கு ஓடிய கம்பன் எக்ஸ்பிரஸ் என்றேனோ இல்லையோ, மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“ராத்திரி சோத்தைக் கட்டிக்கிட்டு ஏறுவோம் தம்பி. காலையில எழும்பூர். அங்கேர்ந்து மண்ணடி எவ்வளவு தூரம்? கடை திறக்கிற நேரத்துக்குப் போய் நின்னுடலாம்.”

வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போகும் சபுராளிகளை வழியனுப்பப் பாதித் தெருவே ஸ்டேஷனுக்கு வரும் என்றார். பெட்டி நிறையப் பிள்ளைகள், பாய், பிரியாணிச் சட்டி. ஒருவன் போக நாலு பேர் அழுவார்களாம். “இப்ப வீடியோவுல தினம் மூஞ்சியப் பாக்குறோம், யாரு அழுவுறா?” என்று அவரே சிரித்தார்.

காரைக்குடிக்குப் போன வண்டிக்குக் கம்பன் பெயரை வைத்தவரை நான் மனதாரப் பாராட்டுவேன். கம்பன் பிறந்ததாகச் சொல்லும் தேரழுந்தூர் மாயவரத்துப் பக்கம். அடங்கியதாகச் சொல்லும் நாட்டரசன்கோட்டை காரைக்குடிக்கு அப்பால். கவிஞனின் ஆயுளை ஏறக்குறைய ஒரே ராத்திரியில் ஓடி முடித்த வண்டி அது. விழுப்புரம்–மாயவரம் பாதையை அகலமாக்க மூடியபோது நின்றது. பிறகு 2012-இல் இந்தப் பக்கத்துப் பாதையும் மூடப்பட்டது. பட்டுக்கோட்டை–காரைக்குடி 2018-இல் திறந்தது. திருவாரூர்ப் பக்கம் 2019-இல். ஏறக்குறைய ஏழு வருஷம் அதிராம்பட்டினத்தில் ரயில் சத்தமே இல்லை.

திறந்தார்களே, அந்தக் கதையைக் கேள். அப்போது கேட்டுகளுக்குப் போதிய ஆள் இருக்கவில்லை. அதனால் கேட் கீப்பர்களை வண்டியிலேயே ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னும் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கி ஓடிப்போய் கேட்டைச் சாத்துவார், ஏறிக்கொள்வார். வண்டி ஊர்ந்து கடந்து மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு ஏறுவார். திருவாரூர்–காரைக்குடி சுமார் 150 கிலோமீட்டர். ஆறு மணி நேரம் ஆனது. நம் ரயில் ரசிகர் கூட்டம் இதையும் ‘அருமையான அனுபவம்’ என்று படம்பிடித்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவனைக் கேட்டால் அல்லவா தெரியும்!

இப்போது நிலைமை பரவாயில்லை. 2023-இல் தாம்பரம்–செங்கோட்டை வண்டி வந்தது. புதுப் பாம்பன் பாலம் திறந்த 2025 ஏப்ரலில் தாம்பரம்–ராமேஸ்வரம் வண்டியும் இந்த வழியாகவே விடப்பட்டது. ஆனால் இரண்டும் தாம்பரத்தோடு சரி. அங்கே மூட்டையோடு இறங்கி, மண்ணடிக்குப் போக மின்சார ரயிலில் பீச் வரை இடிபட வேண்டும். காக்காவுக்கு அதுதான் குறை. நீராவியையும் கரிப்புகையையும் பற்றி அவர் ஏங்கி ஒரு வார்த்தை பேசவில்லை. கரித்தூள் கண்ணில் விழுந்ததைத்தான் சொன்னார், அதுவும் திட்டிக்கொண்டே.

பாலு, நாம் பழைய டைம்டேபிளைப் பைண்டு போட்டு வைக்கிறோம். மேட்டுப்பாளையத்துக்குப் போய் மலை ரயிலின் விசிலைப் பதிவு செய்கிறோம். தப்பில்லை. ஆனால் இவர்கள் கம்பனைத் தேடுவது வேறு தேட்டம். இவர்களுக்கு இன்னும் சென்னையில் வேலை இருக்கிறது; ராத்திரி ஏறிக் காலையில் இறங்க வேண்டியிருக்கிறது.

காக்கா ஒரு மனுவை எடுத்துக் காட்டினார். கம்பன் எக்ஸ்பிரஸை அதே பெயரில், தினசரி, எழும்பூர் வரை விட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். “உங்க ரயில் சிநேகிதங்க ரயில்வேக்கு எழுதத் தெரிஞ்சவங்கதானே? போட்டோ எடுக்கறதோட இதையும் போடச் சொல்லுங்க தம்பி” என்றார். நகல் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு, நம் ஆட்களிடமும் வாங்கி, பதினைந்தாம் தேதிக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
ராமு