இயற்கையும் ஆய்வுக்கூடமும்

இயற்கையை ஆசானாகக் கொண்டு பயிலும் விஞ்ஞானிக்கு எத்தகைய இடம் அமைத்தல் தகும்? நான்கு சுவரும் நல்ல கருவிகளும் இருப்பின் போதும் என்பர் சிலர். ஆசானை வாயிலுக்கு வெளியே நிறுத்தி, மாணாக்கனை மட்டும் உள்ளே இருத்துதல் போலும் அது! 1921-ல் கப்பலிற் சென்ற சி. வி. இராமன் அவர்கள் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டன்றோ ஒளிச்சிதறலை ஆராயப் புகுந்தார்? 1948-ல் பெங்களூரில் தாம் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தையும் அவர் சோலையாகவே வளர்த்தார்.

தோல் பதனிடும் இவ்வட்டாரத்தினராகிய நமக்கும் இவ்வுண்மை புதிதன்று. ஆவாரம்பட்டையின் துவர்ப்பையும் கடுக்காயின் இயல்பையும் நம் முன்னோர் கற்றது மரத்தடியில், மூடிய அறையிலன்று. பின்னர்க் குரோம் உப்பு வந்தது. கழிவு பாலாற்றிற் கலந்தது. நாற்றத்திற்கு அஞ்சி நாம் சாளரங்களை அடைத்துக்கொண்டோம்.

அடைபடாத ஆய்வுக்கூடம் ஒன்று நமக்கு அணித்தே உளது. வாணியம்பாடியினின்று ஆலங்காயம் வழியே ஜவ்வாது மலையேறின் காவலூரை அடையலாம். கோடைக்கானல் வானாராய்ச்சிக் கூடத்தின் தலைவராயிருந்த வைணு பாப்பு அவர்கள், இருண்ட இரவு வானை நாடி இக்காட்டைத் தெரிந்தெடுத்தார். 1968-ல் 15 அங்குலத் தொலைநோக்கியுடன் பணி தொடங்கிற்று. 1972-ல் 40 அங்குலக் கருவி வந்தது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டென்பதற்கு 1977-ல் சான்று கண்ட இடங்களுள் காவலூரும் ஒன்று. 1986-ல் திறக்கப்பெற்ற 93 அங்குலத் தொலைநோக்கி, 1982-ல் மறைந்த பாப்பு அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அங்குச் சென்றபோது நாம் வியந்தது கருவியின் பருமையையன்று, கட்டடத்தின் பணிவையே. தரையருகே எழும் வெப்பக்காற்று விண்மீனின் உருவைக் கலக்குமாதலின், பெரிய தொலைநோக்கி உயரத்தில் அமைந்துளது. உள்ளும் புறமும் ஒரே குளிர் நிலவுதல் வேண்டுமாதலின், இரவில் கூரை வாய் திறக்கின்றது. சுற்றிலும் மரங்கள் நிற்கின்றன. விளக்கை அணைத்துவைப்பதே அங்கு ஒழுக்கம்.

எனினும், சமவெளியில் நாம் வானோக்கி எரிக்கும் விளக்கொளி அம்மலைமேலும் வெளிறிப் படர்கின்றது. நம் வீட்டுச் சாளரங்களை அடைத்த நாமே, விண்ணை நோக்கிய அச்சாளரத்தையும் அடைத்துவிடலாமோ?

ஆதலின் ஆய்வுக்கூடம் எழுப்புவோர்க்கும் ஊர் அமைப்போர்க்கும் நாம் வேண்டுவது இதுவே: பயில்வோன் மேசைக்கு எதிரே ஒரு மரமேனும் தெரிக, முற்றத்தில் ஆவாரை பூக்க, தெருவிளக்குகள் நிலம் நோக்கிக் கவிக. இவை பெருஞ்செலவின. அல்ல, சிறிது நினைவே வேண்டும். நம் கல்லூரியினின்று வெளியேறிக் கட்டடம் வகுக்கப்போகும் இளைஞர் இதனை மறவாதிருப்பாராக!