பிறவிக் குறை, ஆனால் வெளிக்குறை அல்ல

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்யும் பட்டறையில் என் கட்சிக்காரருக்கு அச்சு அழுத்தும் வேலை. இருமினால் பின்மண்டை பிளக்கும். சூளைச் சூடு என்றார்கள், மண் தூசி என்றார்கள். முன்பு ஒருமுறை எடுத்த சி.டி. ஸ்கேன் 'நார்மல்' என்றது. காப்பீடு எடுத்த இரண்டாம் வருஷம் கைகள் மரத்துப்போயின. எம்.ஆர்.ஐ. பார்த்தபோதுதான் நோயின் பெயர் தெரிந்தது: கியாரி குறைபாடு, முதல் வகை. அறுவை சிகிச்சை முடிந்து கிளெய்ம் போட்டார். பிறவிக் கோளாறு, பாலிசிக்கு முன்பே இருந்தது என்று கம்பெனி மறுத்துவிட்டது.

"பொறந்தப்பவே இருந்துச்சாம் சார். அத நான் சொல்லியிருக்கணுமாம்" என்றார்.

கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுமுன் ஒரு மருத்துவரிடம் படத்தைப் புரிந்துகொண்டேன். மண்டையின் பின்குழி சிறுத்து அமைந்தால், சிறுமூளையின் அடிநுனிகள் தண்டுவடம் இறங்கும் துளைக்குள் சரியும். 5 மில்லிமீட்டருக்கு மேல் சரிந்தால் பொதுவாகக் கியாரி என்பார்கள். மூளைநீரின் ஓட்டம் அங்கே தடைபடுவதால்தான் இருமும்போது வலி. தண்டுவடத்துக்குள் நீர் தேங்கினால் கை மரக்கும். சி.டி.யில் அந்த இடத்துத் தடித்த எலும்பே படத்தைக் கெடுத்துவிடும். எம்.ஆர்.ஐ.யின் பக்கவாட்டுப் படத்தில்தான் தெளிவாகத் தெரியும். பிறவியிலேயே இருந்தும் நடுவயது வரை தொந்தரவு தராமல் இருக்கலாம்.

பழைய சி.டி.யைக் காட்டி, நோயை மறைத்தார் என்றது எதிர்த்தரப்பு. அதன் அறிக்கையையே நான் வாசித்துக் காட்டினேன். மருத்துவர் கண்ணுக்கே படாததைத் தொழிலாளி எப்படி மறைப்பார்? பாலிசிக்கு முந்தைய 48 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்ததோ, சிகிச்சைக்குச் சொன்னதோதான் முன்பே இருந்த நோய் என்று அவர்கள் பாலிசியே சொன்னது.

அடுத்தது பிறவி வாதம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பிறவிக் குறையை இரண்டாகப் பிரிக்கிறது. பார்வைக்குத் தெரியும் பாகத்தில் இருப்பது வெளிக்குறை, மற்றது உட்குறை. எங்கள் பாலிசி விலக்கியது வெளிக்குறையை மட்டுமே. எம்.ஆர்.ஐ. இல்லாமல் காண முடியாதது வெளிக்குறை ஆகாது என்றேன். ஷரத்தில் ஐயம் இருந்தால் கம்பெனிக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்ற 1966-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் (ஜெனரல் அஷ்யூரன்ஸ் எதிர் சந்த்மல் ஜெயின்), மரபணுக் கோளாறுகளை ஒட்டுமொத்தமாக விலக்குவதை ஏற்காத 2018-ம் ஆண்டு தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் எடுத்துவைத்தேன்.

சிகிச்சைச் செலவை வட்டியோடு தர ஆணையம் உத்தரவிட்டது. மன உளைச்சலுக்குக் கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைத்தது.

மறுப்புக் கடிதத்தில் 'பிறவி' என்று இருந்தாலே சோர்ந்துவிடாதீர்கள். எந்தக் குறையை விலக்கியிருக்கிறார்கள் என்று பாலிசியில் பாருங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.