திண்ணையில் ஒன்பது நாள்

நுழையும்முன்: வெளியூருக்குப் பணி நிமித்தம் சென்றவர் வீடு திரும்பும் நாள், வீட்டார் அனைவருக்கும் திருநாள். அவ்வாறு திரும்பிய ஒருவர் தம் வீட்டு வாயிலிலேயே நின்றுவிட்டார். அவர் ஏன் நின்றார் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கோவை காந்திபுரத்திலிருந்து புறப்படும் பேருந்து துடியலூர், சின்னத்தடாகம், மாங்கரை ஆகிய ஊர்களைக் கடந்து, மலைவளைவுகளில் ஏறி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆனைகட்டியை அடைகிறது. ஊரின் ஓரமாகக் கொடுங்கரைப்பள்ளம் ஓடுகிறது. அதன் இக்கரை தமிழ்நாடு. அக்கரை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி. இடையிலுள்ள பாலத்தை நடந்தே கடந்துவிடலாம். கடைப்பலகைகளில் தமிழ் எழுத்துக் குறைந்து மலையாள எழுத்து மிகும். ஆனால் பேச்சு அவ்வளவு விரைவில் மாறிவிடுவதில்லை. இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களும், கொங்கு நாட்டிலிருந்து சென்று குடியேறிய தமிழரும், மலையாள மக்களும் அப்பகுதியில் கலந்து வாழ்கின்றனர்.

பாலத்திற்கு அப்பால், ஓட்டுக்கூரை வேய்ந்த வீடு ஒன்றில் நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய தந்தை தண்ணீர் மோட்டார்களைப் பொருத்துவதிலும் பழுது பார்ப்பதிலும் வல்லவர். கோவையில் செய்யப்படும் மோட்டார்கள் நாட்டின் பல பகுதிகளுக்கும் செல்கின்றன அல்லவா? அவை செல்லுமிடமெல்லாம் அவரும் செல்வார். அம்முறை மகாராட்டிரத்தின் நாசிக் பகுதித் திராட்சைத் தோட்டங்களுக்குச் சென்றிருந்தார். அவர் புறப்பட்ட நாளில் வீட்டில் பத்து நாள் ஆண்குழந்தை தொட்டிலில் இருந்தது. குழந்தையின் உள்ளங்காலை ஒருமுறை வருடிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்ததைச் சிறுமி மறக்கவில்லை.

பதினைந்து நாள் கழிந்தது. மார்கழிப் பனி மலையை மூடியிருந்த ஒரு காலைப்பொழுதில், முதற்பேருந்தில் தந்தை வந்து இறங்கினார். சிறுமி விடியுமுன்பே விழித்துக் காத்திருந்தாள். பாலத்தின் பக்கம் அவர் உருவம் தெரிந்ததும், "அப்பா!" என்று கூவிக்கொண்டு ஓடினாள். எப்போதும் இரு கைகளையும் விரித்து அவளைத் தூக்கிக்கொள்ளும் தந்தை, அன்று ஒரு கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். அவருடைய மூக்கையும் வாயையும் மூடிக் கைக்குட்டை கட்டப்பட்டிருந்தது. கண்கள் சிவந்திருந்தன.

"அங்கேயே நில் கண்ணு. அப்பாவுக்குச் சளி பிடித்திருக்கிறது. கிட்டே வராதே."

சிறுமி நின்றாள். அவள் கண்களில் நீர் நிறைந்தது. பதினைந்து நாள் காத்திருந்ததற்கு இதுவா பயன் என்று அவள் உள்ளம் குமுறியது.

இரயிலில் ஏறிய மறுநாளே தந்தைக்குத் தொண்டை கரகரத்தது. வண்டி ஈரோட்டைக் கடந்தபோது தும்மல் தொடங்கிவிட்டது. வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் அதை அவர் பொருட்படுத்தியிருக்கமாட்டார். சளிதானே, ஒரு வாரத்தில் போய்விடும் என்று வேலையைப் பார்த்திருப்பார். ஆனால் வீட்டில் பிறந்து 25 நாளே ஆன குழந்தை இருந்தது. உடனே அவர் மனைவியிடம் தொலைபேசியில் பேசினார். மனைவி ஊரின் அரசுச் செவிலியரிடம் கேட்டார். "அவர் வரட்டும், ஆனால் குழந்தை இருக்கும் அறைக்குள் நுழைய வேண்டாம்" என்றார் செவிலியர்.

எனவே திண்ணையே தந்தையின் வீடாயிற்று. திண்ணையின் ஒரு பக்கத்தைத் தென்னந்தடுக்கால் மறைத்து, அங்கே கயிற்றுக் கட்டில் போட்டனர். அவருக்கெனத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைக்கப்பட்டன. அப்பத்தா உணவைத் திண்ணையின் விளிம்பில் வைத்துவிட்டு விலகி நிற்பார். அதன் பின்னரே தந்தை எழுந்து எடுத்துக்கொள்வார்.

அப்பத்தாவுக்கு இந்த ஏற்பாடு சிறிதும் பிடிக்கவில்லை. "இரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து பனிக்காற்று வாங்கியிருப்பான். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு இருந்திருப்பான். அதற்குப் போய்ப் பெற்ற பிள்ளையைப் பார்க்கக்கூடாது என்பதா?" என்று அவர் முணுமுணுத்தார்.

அப்பத்தா கூறியதையே உலகின் பல நாட்டு மக்களும் நெடுங்காலம் நம்பி வந்தனர். நோயின் பெயரே அதற்குச் சான்று. ஆங்கிலத்தில் இந்நோயைக் குறிக்கும் சொல்லுக்குக் 'குளிர்' என்பதே பொருள். தமிழில் 'நீர்க்கோவை' என்பதும், தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றாகவே வழங்கும் 'ஜலதோஷம்' என்பதும் நீரைக் காரணமாகக் காட்டுகின்றன. தென்மாவட்டங்களில் இதனைத் 'தடுமன்' என்றும், இலங்கையில் 'தடிமன்' என்றும் கூறுவர்.

உண்மையில் சளியைத் தருவது குளிரன்று. கண்ணுக்குப் புலப்படாத நுண்கிருமியே ஆகும். இதனை உணர்த்தும் செய்தி ஒன்று உண்டு. நார்வே நாட்டைச் சேர்ந்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவு வடதுருவத்திற்கு அருகில் உள்ளது. அங்குள்ள நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில் 1930, 1931ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர்கள் தங்கி, மக்களுக்கு எப்போது சளி பிடிக்கிறது எனக் குறித்துவந்தனர். கடல் உறைந்து கப்பல் வராத கடுங்குளிர் மாதங்களில் அவ்வூரில் சளி ஏறத்தாழ மறைந்தேவிட்டது. குளிர் தணிந்து முதற்கப்பல் வந்து சேர்ந்ததும் ஊரெங்கும் தும்மல் ஒலி கேட்டது. குளிர் கொண்டுவராத நோயைத் தொலைவிலிருந்து வந்த மனிதர்கள் கொண்டுவந்தனர்.

இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகருக்கு அருகில், 1946ஆம் ஆண்டு முதல் 1990ஆம் ஆண்டு வரை, சளியை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் இயங்கியது. மக்கள் தாமாகவே முன்வந்து பத்து நாள் அளவில் அங்குத் தங்கினர். இருவர் அல்லது மூவராக ஒரு குடியிருப்பில் இருக்கலாம். மற்றவர்களை நெருங்குதல் கூடாது. சிலரை ஈர உடம்போடு குளிர்காற்றில் நிறுத்தியும் பார்த்தனர். குளிர் மட்டும் அவர்களுக்குச் சளியை உண்டாக்கவில்லை. சளியை மிகுதியாகத் தருவது ரைனோ வைரசு என்னும் நுண்கிருமி. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒரு வகையை உடல் எதிர்க்கப் பழகினாலும் மற்றொரு வகை வந்துவிடுகிறது. ஆதலால்தான் நமக்கு ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் சளி பிடிக்கிறது.

இரண்டாம் நாள் செவிலியர் வீட்டிற்கு வந்தார். அப்பத்தாவின் குறையைப் பொறுமையோடு கேட்டார்.

"அம்மா, பெரியவர்களுக்கு இது சிறிய நோய்தான். பச்சைக்குழந்தைக்கு அப்படியன்று. அதன் மூக்குத்துளை மிகச் சிறியது. அது அடைத்துக்கொண்டால் பால் குடிக்கத் திணறும். கிருமி நெஞ்சுக்குள் இறங்கினால் மூச்சே வாங்கும். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, உடம்பு சுட்டாலோ ஒரு மணி நேரம் கூடக் காத்திருக்கக்கூடாது; மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்" என்றார்.

அப்பத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "குழந்தைக்குத் துளசிச்சாறு இரண்டு சொட்டு கொடுக்கலாமா? சாம்பிராணிப் புகை போடலாமா?"

"வேண்டாம் அம்மா. ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். தேனும் கொடுக்கக்கூடாது. புகை குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது. உங்கள் கைவைத்தியத்தை உங்கள் மகனுக்குச் செய்யுங்கள். அவருக்கு இதமாக இருக்கும்."

அச்சொல் அப்பத்தாவின் முகத்தை மலரச் செய்தது. சுக்கும் கொத்துமல்லி விதையும் இடித்துக் கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சிய சுக்குக்காப்பி காலையும் மாலையும் திண்ணைக்கு வந்தது. நண்பகலில் மிளகு இரசம் வந்தது. வேலியோரத்து நொச்சித்தழையைப் பறித்துக் கொதிக்கவைத்து, ஆவி பிடிக்கவும் கொடுத்தார். அவை கிருமியைக் கொல்வதில்லை. எனினும் அடைத்த மூக்கிற்கும் நொந்த தொண்டைக்கும் ஆறுதல் தந்தன. கொதிநீர்ப் பானையின் அருகே சிறுமி வரக்கூடாது என்று மட்டும் அப்பத்தா கண்டிப்பாகக் கூறிவிட்டார்.

அன்று மாலை, தந்தை கொல்லைப்புறம் சென்ற வேளையில், சிறுமி ஓசையின்றித் திண்ணைக்கு வந்தாள். கட்டிலின்மேல் தந்தையின் துண்டு கிடந்தது. அவள் அதை எடுத்து முகத்தோடு அணைத்துக்கொண்டாள். மோட்டார் எண்ணெயும் வியர்வையும் கலந்த தந்தையின் மணம் அதில் இருந்தது. காலடி ஓசை கேட்டதும் துண்டை முன்போல் வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். யாரிடமும் அவள் அதைக் கூறவில்லை.

நான்காம் நாள் காலையில் சிறுமி தும்மினாள். ஒருமுறையன்று, தொடர்ந்து மூன்று முறை. தொட்டிலின் அருகே அமர்ந்து குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். தாய் திடுக்கிட்டுக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். அந்த ஓர் அடிப் பின்வாங்கலைச் சிறுமி கண்டாள். தந்தை உயர்த்திய கையின் பொருள் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அவள் அழவில்லை. "அம்மா, நான்தான் அப்பாவின் துண்டை எடுத்தேன்" என்று உண்மையைக் கூறினாள். தாய் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. "சொன்னாயே, அதுவே நல்லது. போய்க் கையைச் சோப்பிட்டுக் கழுவு சாமி. தலையணையை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போ" என்றார்.

அன்று முதல் திண்ணையில் இருவர். தந்தை நாசிக்கின் திராட்சைப் பந்தல்களைப் பற்றிக் கூறினார். மகள் பள்ளியில் நடந்தவற்றைக் கூறினாள். வீட்டினுள் குழந்தை அழும்போது இருவரும் ஒருங்கே பேச்சை நிறுத்திக் காது கொடுத்தனர். குழந்தை மூச்சுத் திணறாமல் அழுகிறதா, பால் குடித்து அமைதியாகிறதா என்று இருவர் உள்ளமும் ஒன்றையே எண்ணித் தவித்தது. இரவில் தாய் சன்னலருகே வந்து, "நன்றாகக் குடித்துவிட்டுத் தூங்குகிறான்" என்று சொன்ன பின்னரே அவர்கள் கண் மூடினர்.

"அப்பா, அன்றைக்கு நீங்கள் என்னைத் தூக்கவில்லையே என்று உங்கள்மேல் கோபமாக இருந்தேன்."

"எனக்குத் தெரியும் கண்ணு. உன்னைத் தூக்கியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தம்பிக்கு அது தீங்காகியிருக்கும்."

தந்தைக்கு ஏழாம் நாள் தும்மல் நின்றது. எனினும் அவர் உள்ளே செல்லவில்லை. மகளுக்கு இன்னும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவளோடு இருப்பவர் குழந்தையிடம் செல்வது முறையன்று என்பதோடு, அவளைத் தனியே விட்டுச் செல்லவும் அவருக்கு மனமில்லை. ஒன்பதாம் நாள் இருவரும் நலமுற்றனர். செவிலியரும் வந்து பார்த்து இசைவளித்தார். துண்டுகளையும் போர்வைகளையும் தாய் கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்தினார். தந்தையும் மகளும் நீராடி, சோப்பிட்டுக் கைகளைக் கழுவினர்.

தந்தை தொட்டிலின் அருகே அமர்ந்தார். அவர் புறப்பட்டபோது பத்து நாள் குழந்தையாக இருந்தவன், இப்போது 34 நாள் குழந்தை. முகம் மாறியிருந்தது, கன்னம் உப்பியிருந்தது. அவர் தம் சுட்டுவிரலை நீட்டினார். குழந்தை அதை இறுகப் பற்றிக்கொண்டது. அவர் நெடுநேரம் அந்த விரலை விலக்கிக்கொள்ளவே இல்லை.

அடுத்த திங்களில் அவர் மீண்டும் பயணம் புறப்பட்டார். பெட்டியில் துணிகளுக்கு மேலாக இரண்டு முகக்கவசங்களையும் ஒரு சோப்புக்கட்டியையும் சிறுமி வைத்தாள். "அப்பா, திரும்பி வரும்போது நீங்கள் சொல்லும் வரை நான் பாலத்தருகிலேயே நிற்பேன்" என்றாள். அப்பத்தா அருகில் வந்து, சுக்குப்பொடிப் பொட்டலம் ஒன்றையும் அதனோடு வைத்தார்.

அருஞ்சொற்பொருள்

நிமித்தம் – காரணம்
வேய்ந்த – கூரையிட்ட
தடுக்கு – ஓலையால் பின்னிய மறைப்பு
அப்பத்தா – தந்தையின் தாய்
இதம் – நலம் தரும் தன்மை
இசைவு – உடன்பாடு

சிந்தித்து விடை எழுதுக

1. தந்தை மகளைத் தடுத்தது ஏன்? அதன் பொருளை மகள் எப்போது உணர்ந்தாள்?
2. குளிர் மட்டும் சளிக்குக் காரணமன்று என்பதைப் பாடத்திலுள்ள செய்தி ஒன்றால் விளக்குக.
3. செவிலியர் அப்பத்தாவிடம் பேசிய முறையில் நீங்கள் கற்றுக்கொள்வது யாது?
4. உங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் 'சளி' என்பதற்கு வழங்கும் சொற்களைக் கேட்டுத் தொகுக்க.
5. பணிக்காகத் தொலைவில் இருக்கும் உறவினர் ஒருவருக்குப் பத்து வரிகளில் கடிதம் எழுதுக.