மெட்டுக்கு முன்னால் வார்த்தை

லண்டன்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள நண்பனுக்கு,

குளிர் இன்னும் முழுசாக இறங்கவில்லை. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டால் நாள் முழுக்க நடக்க முடிகிறது.

மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று டீக்கடை பெஞ்சில் எத்தனை ராத்திரி சண்டை போட்டிருக்கிறோம்! நீ எப்போதும் மெட்டின் கட்சி. என் கட்சிக்கு இந்த ஊரில் இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தேம்ஸ் கரையில் ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவனுக்கு 1903இல் எழுப்பிய நினைவுச் சின்னம். மேலே அவருடைய மார்பளவுச் சிலை. கீழே, பீடத்தின்மேல் சாய்ந்து ஒரு பெண் அழுகிறாள், இசைத் தேவதையாம். வெண்கலத்தில் இப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை. முகம் சரியாகத் தெரியாது, முதுகு அழுகிறது. பீடத்தில் வெட்டியிருக்கும் வரிகள் அவருக்குப் பாட்டெழுதிய டபிள்யூ. எஸ். கில்பர்ட்டுடையவை. ஆனால் கில்பர்ட் அங்கே இல்லை. கொஞ்ச தூரம் நடந்தால் ஆற்றோரச் சுவரில் அவருக்குத் தனியாக ஒரு சின்னம். உயிரோடு இருந்தபோதும் அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். 1871 முதல் 1896 வரை 14 நகைச்சுவை இசைநாடகங்கள் சேர்ந்து செய்தார்கள். நடுவில் 1890இல் தியேட்டர் கம்பளத்துக்கான செலவுக் கணக்கில் மனக்கசப்பு வந்தது. அப்புறம் இரண்டு நாடகங்கள் செய்தும் பழைய ராசி திரும்பவில்லை.

அவர்கள் வேலை செய்த முறைதான் எனக்கு முக்கியம். கில்பர்ட் வார்த்தைகளை முதலில் எழுதி முடித்துவிடுவார். சல்லிவன் அதை எடுத்துக்கொண்டு உடனே மெட்டுக்குப் போகமாட்டார். இந்த வரி எந்த நடையில் போகவேண்டும், எங்கே அழுந்தவேண்டும், எங்கே ஓடவேண்டும் என்று தாளத்தைத்தான் முதலில் முடிவு செய்வார். மெட்டு அதற்குப் பிறகு. வார்த்தை ஒன்றுகூட அமுங்கிப் போகாமல் கடைசி வரிசைக்குக் கேட்பதற்குக் காரணம் இந்த ஒழுங்குதான் என்று நினைக்கிறேன்.

அவர்களுக்கென்றே ரிச்சர்ட் டாய்லி கார்ட் என்ற தயாரிப்பாளர் கட்டியது சவாய் தியேட்டர், 1881இல். உலகத்தில் முழுக்க மின்விளக்கால் ஒளியூட்டிய முதல் பொதுக் கட்டடம் அது. சுமார் 1,200 விளக்குகள். ஜனங்களுக்கு மின்சாரம் என்றால் பயம். கார்ட் மேடைக்கு வந்து, எரிகிற பல்பு ஒன்றில் மெல்லிய மஸ்லின் துணியைச் சுற்றி, எல்லோர் கண் முன்னாலும் உடைத்தார். விளக்கு அணைந்தது. துணியை விரித்துக் காட்டினார். ஒரு கருகல் இல்லை. பிற்பாடு அந்தக் கட்டடம் மாறிப்போனது, 1990இல் உள்ளே எரிந்து 1993இல் மறுபடி திறந்தார்கள். வாசலில் நின்றபோது எனக்குக் கண்ணில் வந்தது அந்த வெள்ளைத் துணிதான்.

ஆனால் நான் நாடகம் பார்த்தது அங்கே இல்லை. நேற்று சாயங்காலம், நகரத்துக்கு வெளியே ஒரு சர்ச் கூடம். மடக்கு நாற்காலிகள், ஒரே ஒரு பியானோ. நடித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள். நாடகம் ‘பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’. அதில் ஒரு மேஜர் ஜெனரல் வந்து தனக்குத் தெரிந்ததையெல்லாம் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளுவார். சரித்திரம் தெரியும், கணிதம் தெரியும், கிரேக்கம் தெரியும். போர்க்கலை ஒன்றுதான் தெரியாது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மூன்று அசைக்கு இயைபு. நடித்தவர் வெள்ளை மீசை வைத்த மெலிந்த மனிதர். கடைசிச் சரணத்தைப் பியானோக்காரர் வேண்டுமென்றே வேகமாக எடுத்தார். இவர் வலது கையால் தொடையில் தட்டிக்கொண்டே துரத்திப் பிடித்தார், ஒரு எழுத்து விடாமல். என் பக்கத்து நாற்காலிப் பெரியவருக்கு எண்பது வயது இருக்கும். பாட்டு முழுக்க சத்தமில்லாமல் உதடு அசைத்தார். இடைவேளையில் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் இதே நாடகத்தில் போலீஸ்காரனாக வந்தாராம்.

இந்த நாடகத்துக்குக் கொள்ளையர் என்று பெயர் வந்ததற்குப் பின்னால் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. 1878இல் வந்த ‘எச்.எம்.எஸ். பினஃபோர்’ லண்டனில் 571 காட்சிகள் ஓடியது. அமெரிக்காவில் அப்போது வெளிநாட்டு எழுத்தாளருக்கு உரிமைப் பாதுகாப்பே இல்லை. ஊருக்கு ஊர் திருட்டுத்தனமாக மேடையேற்றிச் சம்பாதித்தார்கள். இவர்களுக்குக் காலணா வரவில்லை. அடுத்த நாடகத்தை அவர்களே கப்பலேறிப் போய் 1879 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கில் அரங்கேற்றினார்கள். பிரிட்டனில் உரிமை போய்விடக்கூடாது என்று, முந்தின நாள் பெய்ன்டன் என்ற கடற்கரை ஊரில் பெயருக்கு ஒரு காட்சி. பக்கத்து ஊரில் ‘பினஃபோர்’ நடித்துக்கொண்டிருந்த குழு, அதே மாலுமி உடுப்பில், தலையில் கைக்குட்டையைக் கட்டிக் கொள்ளையராகி, கையில் தாளைப் பார்த்துப் பாடியது.

அமெரிக்காவில் விழுந்த அந்த விதை வீணாகவில்லை. பாட்டு கதையை நகர்த்தவேண்டும், அசட்டுத்தனமான ஒரு சூழ்நிலையை முழு நம்பிக்கையோடு நடிக்கவேண்டும் என்ற பாடத்தைப் பிராட்வே இவர்களிடம்தான் கற்றது. லாரன்ஸ் ஹார்ட், ஐரா கெர்ஷ்வின் போன்ற பாடலாசிரியர்கள் கில்பர்ட்டைக் கரைத்துக் குடித்தவர்கள். ஐரா பாட்டெழுதிய அரசியல் நையாண்டி ‘ஆஃப் தீ ஐ சிங்’ 1932இல் புலிட்சர் பரிசு வாங்கியது. இசை நாடகம் ஒன்றுக்கு அதுதான் முதல் தடவை.

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்று. மேஜர் ஜெனரலின் அந்தத் தாளம் ஒரு காலிப் பாத்திரம். யார் வேண்டுமானாலும் தன் சரக்கை ஊற்றிக்கொள்ளலாம். டாம் லெரர் என்ற கணித ஆசிரியர் 1959இல் அதே மெட்டில் அன்றைக்குத் தெரிந்த 102 தனிமங்களின் பெயர்களையும் பாடிவிட்டார். இவர்களுடைய மற்ற நாடகங்களும் இப்படிப் பரவின. ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனில், கொல்ல வந்தவனிடம் சிறுவன் பார்ட் கடைசி ஆசையாக ‘பினஃபோர்’ முழுவதையும் பாடச் சொல்கிறான். வந்தவன் மனமுருகிப் பாடி முடிப்பதற்குள் போலீஸ் வந்துவிடுகிறது. இன்னொரு நாடகமான ‘மிக்காடோ’வில் எல்லாப் பதவியையும் ஒரே ஆளாகச் சுருட்டி வைத்திருக்கும் ‘பூ-பா’வின் பெயர் ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது.

அந்த ‘மிக்காடோ’ பற்றி நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும். 1885இல் வந்து 672 காட்சிகள் ஓடிய நாடகம் அது. வெள்ளைக்காரர்கள் ஜப்பானியர் போல மைதீட்டிக்கொண்டு ஆடியதை இன்றைக்குப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. அந்த வேஷத்தை விடுவதே சரி. விட்டாலும் நாடகம் விழாது, ஏனென்றால் அது ஜப்பானைப் பற்றியதே இல்லை, லண்டன் அதிகாரிகளைப் பற்றியது. 1986இல் ஜானதன் மில்லர் அதை ஓர் ஆங்கிலக் கடற்கரை ஹோட்டலுக்குள் கொண்டுபோய் வைத்தார். ஒரு வரியும் பொருள் கெடவில்லை. அதற்கு முன்பே 1938இல் சிகாகோவில் கறுப்பினக் கலைஞர்கள் அதை ஸ்விங் தாளத்துக்கு மாற்றி ஆடியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் அந்தத் துணிச்சல் வரத் தாமதமானது. 1961 முடியும்வரை உரிமை டாய்லி கார்ட் குழுவிடம் இருந்தது. பழைய அசைவுகளை அவர்கள் பூட்டி வைத்துக் காத்தார்கள். அந்தக் குழு 1982இல் மூடப்பட்டது. நேற்றைய கூடம் போன்ற நூறு கூடங்களில் நாடகம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாளைக் காலை ரயிலில் போர்ட்ஸ்மத் போகிறேன். ‘பினஃபோர்’ எழுதும்போது கில்பர்ட் அங்கே நிற்கும் விக்டரி என்ற போர்க்கப்பலுக்குப் போய், தளத்தையும் கயிறுகளையும் படம் வரைந்துகொண்டு வந்து, அதை வைத்து மேடைக்குச் சின்ன மாதிரி செய்து, மரக்கட்டைகளை நடிகர்களாக நகர்த்திப் பார்த்தாராம். ஒரு கேலி நாடகத்துக்கு இவ்வளவு! கப்பல் இன்னும் அங்கே இருக்கிறது. கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன்.

நேற்றைய நிகழ்ச்சித் தாளை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். பின்பக்கம் நான் பென்சிலில் போட்டிருக்கும் கோடுகள்தான் மேஜர் ஜெனரலின் தாளம். தட்டிப் பார்த்துவிட்டு நான்கு வரி தமிழில் எழுதி அனுப்பு. வார்த்தை முதலில்.

உன் நண்பன்