பாலத்தில் விக்காத வண்டி

ஓடாமல் நின்றுவிட்ட வண்டியைப் பழுதுபார்ப்பது எளிது. குறை எங்கோ ஓரிடத்தில் நிலையாக இருக்கிறது; தேடினால் அகப்படும். ஓடிக்கொண்டே இடையிடையே தடுமாறும் வண்டியின் கதை வேறு. பட்டறை வாசலில் அது குற்றமறியாப் பிள்ளையைப்போல் நிற்கும். எஞ்சினை ஓடவிட்டுக் காதுகொடுத்துக் கேட்கும் மெக்கானிக், ‘ஒண்ணுமில்லையே சார்’ என்பார். வீடு திரும்பும் வழியில் தடுமாற்றம் மீண்டும் தொடங்கும்.

எங்கள் இல்லத்தில் இருப்பது 1986ஆம் ஆண்டின் அம்பாசிடர். பெட்ரோலில் ஓடும் மார்க் 4. எங்கள் தந்தையார் வாங்கியது. உத்தரப்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றபின், இதை விற்றுவிடுமாறு உறவினர் பலரும் அறிவுரை கூறினர். நாங்கள் விற்காமல் வைத்திருந்தது பழம்பெருமைக்காக அன்று, எங்கள் சித்திக்காக. பக்கவாதத்தால் இடப்பக்கம் தளர்ந்துபோன அவரை, வாரம் இருமுறை கடலூரிலிருந்து சிதம்பரத்திற்கு இயன்முறைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்கிறோம். பேருந்துப் படியில் அவரால் ஏற இயலாது. தாழ்ந்த இருக்கையுள்ள புதிய கார்களில் குனிந்து நுழைவதும் கடினம். அம்பாசிடரின் அகன்ற கதவும் நாற்காலி உயரத்து இருக்கையும் அவருக்கென்றே அமைத்தவை போலிருந்தன.

மஞ்சக்குப்பத்தில் புறப்பட்டு, கெடிலத்தைக் கடந்து, திருப்பாதிரிப்புலியூர் நெரிசலில் ஊர்ந்து, முதுநகரைத் தாண்டும்வரை வண்டி ஒரு குறையும் காட்டாது. அதற்குப்பின் சாலை நீள்கிறது. சிப்காட் ஆலைகள் பின்தங்க, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஊர்கள் வந்துபோக, வெள்ளாற்றைக் கடந்தால் சிதம்பரம். மொத்தம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். இந்த நீண்ட, சமமான சாலையில் ஐம்பது அறுபது வேகத்தில் அமைதியாகச் செல்லும்போதுதான் வண்டி விக்கத் தொடங்கும். பட்டறைக்காரர்கள் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பர். ‘விக்கல்’ என்பது சித்தி வைத்த பெயர். ஒரு நண்பகலில் புதுச்சத்திரத்திற்கு அருகே முழுவதுமாக நின்றேவிட்டது. பின்னிருக்கையில் சித்தி, இறங்கி நிழலுக்கு நடக்கவும் அவரால் முடியாது. சாலையோரக் கடைக்காரர் ஒருவர் மோர் கொணர்ந்து கொடுத்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்து மாட்டியதும் வண்டி ஒன்றுமே நடவாததுபோல் புறப்பட்டது. அன்று பகலாயிருந்தது. மாலையில் திரும்பும்போது, ஆளரவமற்ற இடத்தில் இப்படி நேர்ந்தால் என் செய்வது என்ற அச்சம் அன்றுமுதல் எங்களுடனேயே பயணம் செய்தது.

பழைய பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சற்று விளக்கினால்தான் மேற்கொண்டு சொல்வது புரியும். பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலின் வழியே ஓடி, டிஸ்ட்ரிபியூட்டரினுள் இருக்கும் ‘சி.பி. பாயிண்ட்’ என்னும் சிறு உலோக முனைகளில் வந்து முடிகிறது. முனைகள் திறக்கும் கணத்தில் அந்த ஓட்டம் அறுபட, காயிலில் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் எழுந்து பிளக்கில் பொறியாய்த் தெறிக்கிறது. முனைகளின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவே. ஓட்டம் அறுபடும்போது முனைகள் கருகாமல் காப்பது கன்டென்சர். நான்கு சிலிண்டர்களுக்கும் 1, 3, 4, 2 என்ற வரிசையில் பொறியைப் பங்கிட்டுக் கொடுப்பது சுழலும் ரோட்டார். எஞ்சின் நிமிடத்திற்கு 2400 சுற்றுச் சுழன்றால் நொடிக்கு 80 பொறிகள் பிறக்கவேண்டும். அவற்றுள் சில தவறினாலே பின்னிருக்கையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் வகுத்த இம்முறை 1910ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. எங்கள் வண்டி அதற்கு முக்கால் நூற்றாண்டு பின்னால் பிறந்தும், அதே ஏற்பாட்டில்தான் ஓடுகிறது.

கடலூரில் நாங்கள் அணுகிய பட்டறையில் முதலில் பிளக்குகளை மாற்றினார்கள். அடுத்த வாரம் பிளக் வயர்கள். பின்னர் கன்டென்சர், பாயிண்ட், காயில். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். பெட்ரோல் ஃபில்டரும் புதிதாயிற்று. இதனைப் பழுதுபார்த்தல் என்பதைவிடப் பொருள் மாற்றுதல் என்பதே பொருந்தும். வியப்பு என்னவெனில், ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று பயணங்கள் வண்டி நன்றாகவே ஓடியது. மாற்றிய பொருளே குற்றவாளி என்று அனைவரும் நம்பினோம். நான்காம் பயணத்தில் விக்கல் திரும்பிவிடும்.

சிதம்பரத்தில், தேரோடும் வீதிகளுக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகையில் பழைய வண்டிகளை மட்டுமே பார்க்கும் முதியவர் ஒருவரைச் சிகிச்சையாளர் எங்களுக்குச் சுட்டினார். பரங்கிப்பேட்டைக்காரர், யாவரும் அவரைப் ‘பாய்’ என்றே அழைக்கின்றனர். சிகிச்சை முடிந்த சித்தியுடன் நேரே அங்குச் சென்றோம்.

பாய் பானெட்டைத் திறக்கவேயில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு கேள்விகள் கேட்டார். விடியற்காலை ஈரத்திலா, வெயில் ஏறிய பின்னரா? வெட்டினாற்போல் வருகிறதா, தேய்ந்து தேய்ந்து வருகிறதா? நான்கு சிலிண்டரும் சேர்ந்து விழுகின்றனவா, ஒன்று மட்டுமா? ஒவ்வொரு கேள்விக்கும் பொருள் உண்டு என்பதைப் பின்னர் அவரே விளக்கினார். கடற்கரை ஊர்களில் விடியற்பனியில் மட்டும் தடுமாறும் வண்டிக்கு உப்பு ஈரம் படிந்த வயரையோ, மயிரிழைக் கீறல் விழுந்த மூடியையோ பார்க்கவேண்டும். சூடேறியபின் தடுமாறினால் காயில், கன்டென்சர். பெட்ரோல் குறைபாடு வண்டியைத் தேய்ந்து தளரச் செய்யும். மின் குறைபாடு வெட்டி இழுக்கும். ஒரே சிலிண்டர் தவறினால் குறை ரோட்டாருக்குப் பின்னால். நான்கும் சேர்ந்து தவறினால் அதற்கு முன்னால், எல்லாவற்றுக்கும் பொதுவான பாதையில்.

வெட்டித்தான் இழுக்கிறது, நான்கும் சேர்ந்துதான் விழுகின்றன என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கையில் பின்னிருக்கையிலிருந்து சித்தியின் குரல் வந்தது.

‘பாலம் ஏறும்போது விக்காது, பாய். இறங்கிச் சமமாப் போனா விக்கும்.’

பாய் திரும்பிப் பார்த்தார். ‘எந்தப் பாலம், அம்மா?’

‘எல்லாப் பாலமும்தான். கெடிலம், வெள்ளாறு, ரயில்பாதை மேல போறது. ஏறி முடியறவரைக்கும் ஒரு விக்கல் இருக்காது.’

ஓட்டுபவரின் கண் சாலையில் இருக்கும். சித்திக்கோ ஒன்றரை மணிநேரம் வண்டியின் ஓசையைக் கேட்பதன்றி வேறு வேலை இல்லை. மலையோ மேடோ இல்லாத எங்கள் மாவட்டக் கரையோரத்தில் வண்டிக்கு ஏற்றம் என்பதே பாலங்கள்தாம். பிளக்கோ காயிலோ பலவீனமாயிருந்தால் பாரம் மிகும் ஏற்றத்தில்தான் முதலில் விழவேண்டும். அங்கே சிலிண்டரில் அழுத்தம் கூடுவதால் பொறி தெறிப்பது கடினம். எங்கள் வண்டியோ ஏற்றத்தில் நலமாகவும் சமதளத்தில் நோயுற்றும் இருந்தது.

பாய் அப்போதுதான் பானெட்டைத் திறந்தார். கார்புரேட்டருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் இடையே ஒரு மெல்லிய குழாய் ஓடுகிறது. ஆக்சிலரேட்டரைச் சற்றே மிதித்துச் சீராகச் செல்லும்போது எஞ்சினின் உறிஞ்சும் விசை இக்குழாய் வழியே டிஸ்ட்ரிபியூட்டரின் உட்தட்டை இழுத்துத் திருப்பும். பொறி சற்று முன்னதாகவே பிறக்கும். பாரம் குறைந்த வேளையில் சிலிண்டரில் கலவை அடர்த்தியின்றி மெல்ல எரிவதால் இந்த ஏற்பாடு. பாலம் ஏற ஆழ மிதித்தால் உறிஞ்சும் விசை விழுந்து தட்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வண்டி நின்றபடி எஞ்சின் மெல்ல ஓடும்போதும் தட்டு அசைவதில்லை. ஆகவே பட்டறையில் எத்தனை மணிநேரம் ஓடவிட்டாலும் இக்குறை தலைகாட்டாது.

எஞ்சினை ஓடவிட்டு, அக்குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, முனையில் ஒரு ரப்பர்க் குழாயைச் செருகி, இளநீர் பருகுவதுபோல் வாயால் உறிஞ்சினார் பாய். குறையற்ற எஞ்சினாயின் சற்று விரைந்திருக்கும். எங்களுடையது உடனே விக்கியது. விட்டார், சீரானது. மீண்டும் உறிஞ்சினார், விக்கியது. சாலையில் மட்டுமே வெளிப்பட்டு, பட்டறையில் பல வாரங்கள் ஒளிந்திருந்த குறை, நின்ற இடத்திலேயே மூன்று முறை அவர் வாய்க்குக் கட்டுப்பட்டு வந்துபோனது.

மூடியைக் கழற்றியதும் பாயிண்டுக்கு மின்சாரம் கொணரும் விரலளவு வயரை இடுக்கியால் மெல்ல இழுத்தார். அது ரப்பர்போல் நீண்டது. மேலுறை முழுமையாகவே இருந்தது. உள்ளே செப்பிழைகள் அறுந்து, ஒன்றிரண்டே எஞ்சியிருந்தன. தட்டு திரும்பும்தோறும் வளைந்து நிமிர்ந்த வயர் அது. செய்தவர் குற்றமன்று, முதுமைதான். தட்டு ஒரு பக்கம் திரும்பினால் இழைகள் பிரியும், மறுபக்கம் திரும்பினால் கூடும். கடலூர்ப் பட்டறையில் எதை மாற்றினாலும் சில நாள் வண்டி நலமாயிருந்ததற்கும் காரணம் விளங்கிற்று. ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் மூடி கழன்றது. கைபட்டு வயர் சற்று இடம் மாறி அமர்ந்தது. புதுச்சத்திரத்தில் நடந்ததும் அதுவே.

வீட்டுக்கு மின்சாரம் இழுக்கும் தடித்த ஒற்றைக் கம்பியை அந்த இடத்தில் வைத்தால் சில மாதங்களில் ஒடிந்துவிடும் என்று சொல்லி, பல மெல்லிழைகள் கொண்ட வயரைத் தேடியெடுத்து, சற்றுத் தளர்வாக விட்டுப் பற்றவைத்தார்.

இன்றைய வண்டிகளில் பாயிண்டும் இல்லை, ரோட்டாரும் இல்லை. பொறி தவறினால் சுழல்தண்டின் வேகத்தில் தோன்றும் நுண்ணிய தளர்ச்சியைக் கணினி கண்டுபிடித்து விளக்கேற்றுகிறது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். தவறிய வேளையில் வேகம் எவ்வளவு, பாரம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்பதையும் கணினி குறித்துவைக்கிறது. அத்தகைய குறிப்பேட்டைத்தான் சித்தி பின்னிருக்கையில் அமர்ந்து மனத்தில் எழுதிவந்தார்.

அறுந்த வயரைத் தமக்குக் காட்டும்படி சித்தி கேட்டார். பாய் அதை ஒரு துணியில் துடைத்து அவருடைய வலக்கையில் வைத்தார். விரல்களால் இழுத்துப் பார்த்து, ‘இத்தனை சின்னதா’ என்றார் சித்தி.

பாய் கேட்ட கூலியைக் கொடுத்துப் புறப்பட்டோம். புதிய பாயிண்ட் ஆகையால் அதன் குதிகால் தேய்ந்து இடைவெளி குறையும் என்றும், 500 கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை ஒருமுறை கொண்டுவரவேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். வரும்போது அம்மாவையும் அழைத்து வாருங்கள் என்றார்.