கசிவும் உராய்வும் கற்றுத்தரும் என்ஜின்

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் பம்ப்செட் உதிரிபாகங்கள் கடையும் லேத் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை ஜாப் வேலை எடுப்பதில்லை. அன்று அங்கே கூடுகிறவர்கள் ஸ்டெர்லிங் என்ஜின் செய்கிறார்கள். பட்டறைக்காரர் ஒரு பம்ப் கம்பெனியில் டர்னராக இருந்து ஓய்வுபெற்றவர். அவரோடு அரசுப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவரும், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கும் ஒரு பெண்ணும் சேர்ந்திருக்கிறார்கள். விற்பதற்காகவோ போட்டிக்காகவோ இவர்கள் செய்யவில்லை. வெறும் சூட்டைச் சுழற்சியாக மாற்றிவிடும் அந்த விந்தை இவர்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த என்ஜினில் வால்வு கிடையாது, உள்ளே வெடிப்பும் கிடையாது. மூடிய சிலிண்டருக்குள் அடைபட்ட அதே காற்றுதான் திரும்பத் திரும்ப வேலை செய்கிறது. அடியில் தீ, மேலே தண்ணீர். சூடேறிய காற்று விரிந்து பிஸ்டனை வெளியே தள்ளும். குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்று பிஸ்டனை உள்ளே அமுக்கும். காற்றைச் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் மாற்றி மாற்றி அனுப்புவது டிஸ்பிளேசர் என்ற உருளை. அது சுவரில் உரசாமல், ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டு ஏறி இறங்க வேண்டும். பவர் பிஸ்டனைவிடக் கால் சுற்று, அதாவது 90 டிகிரி, முந்திப் போகவும் வேண்டும். கொள்கை இவ்வளவுதான். 1816இல் இதற்குக் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் ஸ்டெர்லிங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1818இல் அவருடைய என்ஜின் ஒரு கல்குவாரியில் தண்ணீர் இறைத்தது.

அந்தப் பெண் முதலில் செய்த என்ஜினைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சிலிண்டர் ஒரு தகர டின். டிஸ்பிளேசர், பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைக் கம்பியில் சுற்றி உருட்டியது. பிஸ்டனுக்குப் பதிலாக ஒரு குழாயின் வாயில் இழுத்துக் கட்டிய பலூன் ரப்பர். கிராங்க், சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைத்தது. ஃப்ளைவீல், ஒட்டிய பழைய சிடிக்கள். ஸ்டீல் நாருக்கு இங்கே இரட்டை வேலை. மேலே போகும் சூடான காற்று தன் சூட்டின் ஒரு பங்கை அந்த நாரில் விட்டுச் செல்லும்; திரும்பி வரும்போது அதை எடுத்துக்கொள்ளும். இப்படிச் சூட்டைச் சேமித்துத் திருப்பித் தரும் அமைப்புதான் ஸ்டெர்லிங்கின் உண்மையான கண்டுபிடிப்பு. அவருடைய காப்புரிமையின் உயிர்நாடியும் அதுவே.

ஆசிரியர் செய்வது வேறு ரகம். கண்ணாடி சிரிஞ்சு ஒன்றைப் பவர் பிஸ்டனாக வைத்திருக்கிறார். சிரிஞ்சின் குழலையும் தண்டையும் ஜோடி ஜோடியாக இழைத்துச் செய்வதால் ஒன்றின் தண்டு இன்னொன்றுக்குச் சேராது. வாங்கும்போது அவர் செய்யும் சோதனை எளிது: நுனியை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை இழுத்துவிடுவார். அது உடனே உள்ளே திரும்பினால் நல்ல ஜோடி. எண்ணெய் ஒரு சொட்டும் விடக் கூடாது. "எண்ணெய் வழுக்கும்னு நினைப்பாங்க. இவ்வளவு சின்ன என்ஜினுக்கு அது பசைங்க," என்றார். விரல் பட்ட பிசுக்கைக்கூட ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பிறகே மாட்டுகிறார்.

நான் போயிருந்த அன்று மேசைமேல் இருந்தது அந்தப் பெண்ணின் புதிய என்ஜின். லேத்தில் கடைந்த அலுமினியச் சிலிண்டர். ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் நன்றாகக் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் தளர்ந்து நின்றுவிடும். திரியை அவள் ஏற்றிவிட்டாள். முன்னைவிடச் சீக்கிரம் நின்றது.

"அம்மிணி, தீயைத் தொடாத. முதல்ல இறுக்கம் இருக்குதான்னு பாரு," என்றார் பெரியவர். பவர் பிஸ்டனின் கனெக்டிங் ராடைக் கழற்றி, ஃப்ளைவீலை விரலால் சுண்டிவிட்டார்கள். அது நெடுநேரம் சுற்றித் தானாக ஓய்ந்தது. உராய்வு இல்லை. ராடை மாட்டிக் கையால் மெல்லத் திருப்பினார்கள். பிஸ்டன் ஸ்பிரிங் போல எதிர்த்து நின்றது. காற்று கசிந்தால் இந்த எதிர்ப்பு இருக்காது. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார்கள், குமிழி வரவில்லை. டிஸ்பிளேசர் தண்டு புகுந்து போகும் பித்தளைப் புஷ்ஷையும் பார்த்தாயிற்று. அங்கே இடைவெளி கூடினால் கசிவு, குறைந்தால் உராய்வு. இரண்டுக்கும் நடுவே சரியான அளவைப் பிடிப்பதில்தான் டர்னரின் கைத்திறன் தெரியும். கிராங்க் கோணமும் சரியாகவே இருந்தது.

கடைசியில் பெரியவர் சிலிண்டரின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "குளிர வேண்டிய இடம் கொதிக்குது ஐயா!"

காரணம் அலுமினியம். துருப்பிடிக்காத எஃகைவிடப் பத்து மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும் உலோகம் அது. அடியில் வைத்த சூடு காற்றுக்குப் போகாமல் சுவர் வழியே மேலே ஏறிவிட்டது. ஆசிரியர் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். அடிப்பக்கம் 300 டிகிரி செல்சியஸ், மேல்பக்கம் 40 டிகிரி என்றால் இயற்கை அனுமதிக்கும் உச்சத் திறன் சுமார் 45 சதவீதம். மேல்பக்கம் 100 டிகிரிக்கு ஏறினால் அது 35 சதவீதமாக இறங்கிவிடும். வீட்டில் செய்யும் என்ஜின் இந்த உச்சத்தின் பக்கத்தில்கூடப் போவதில்லை. கிடைக்கும் துளிச் சக்தியில் உராய்வும் கசிவும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதில்தான் சக்கரம் சுற்ற வேண்டும். மேல்பக்கத்தில் ஈரத்துணி சுற்றி ஐஸ் வைத்ததும் என்ஜின் விடாமல் ஓடியது. நோய் உறுதியானது. தீ படும் பகுதிக்கு மெல்லிய எஃகுக் குழாயும், குளிரும் பகுதிக்கு மட்டும் அலுமினியமும் என்று பிரித்துச் செய்ய அவள் அங்கேயே வரைபடம் போட்டாள்.

சூட்டோடு உலோகம் நடத்தும் இந்த மல்லுக்கட்டு ஸ்டெர்லிங்கையே வாட்டியிருக்கிறது. அவரும் தம்பி ஜேம்ஸும் சேர்ந்து மேம்படுத்திய என்ஜின் 1843 முதல் டண்டீ நகர வார்ப்பாலையில் ஓடியது. ஆனால் தீ படும் சிலிண்டர் அடிப்பகுதிகள் சூடு தாங்காமல் பழுதாகிக்கொண்டே இருந்ததால் அந்த ஆலை நீராவிக்கே திரும்பியது. நல்ல எஃகு அன்றைக்கு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

குறைந்த சூட்டில் ஓடும் என்ஜின் ஒன்றும் ஆசிரியரிடம் இருக்கிறது: அகலமான இரண்டு தட்டுகள், நடுவே தெர்மோகோல் டிஸ்பிளேசர். இந்த வகையை 1983இல் ஓட்டிக் காட்டியவர் ஜாக்ரெப் பல்கலைக்கழகத்தின் ஈவோ கோலின். அமெரிக்காவின் ஜேம்ஸ் சென்ஃப்ட் அதை மேலும் நுட்பமாக்கி, அரை டிகிரி வித்தியாசத்திலேயே ஓடவைத்தார். குளிர்நாடுகளில் உள்ளங்கையில் வைத்தாலே இது சுற்றும். கோவைச் சித்திரை வெயிலில் கைக்கும் காற்றுக்கும் அந்த வித்தியாசம் கிடைப்பதில்லை. மேல்தட்டில் ஐஸ் வைக்க வேண்டும். அதே ஐஸை அடித்தட்டுக்குக் கீழே வைத்தால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றுகிறது. சூடு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் பாய்கிறது என்பதைக் கண்ணெதிரே காட்டிவிடுகிறது.

நம் பக்கத்துக்கு இந்த என்ஜின் புதிதல்ல. மின்சாரம் எட்டாத காலனியக் கால பங்களாக்களில் மண்ணெண்ணெய் விளக்குச் சூட்டில் சுழன்ற மின்விசிறி அளவுக் காற்றாடிகள் இதே கொள்கையில் ஓடியவை. 1980களின் தொடக்கத்தில் டாக்காவில் மெரிக் லாக்வுட், உமியை எரித்து ஓடும் ஸ்டெர்லிங் என்ஜினை உள்ளூர்ப் பட்டறைகளைக் கொண்டே செய்து பார்த்தார். பிறகு சென்னையிலும் உமியில் ஓடும் 5 குதிரைத்திறன் என்ஜின்கள் தயாராயின. டீசல் என்ஜினின் விலைக்கும் வேகத்துக்கும் முன்னால் அவை நிலைக்கவில்லை. ஆனாலும் வெளியே எது எரிந்தாலும் ஓடும் என்ற அந்தக் குணம் பெரியவரை விடுவதாக இல்லை. தேங்காய்த் தொட்டியை எரித்து ஓடும் ஒன்றுக்கு அவர் சிலிண்டர் கடைந்துகொண்டிருக்கிறார்.

இந்தப் பட்டறையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஆசிரியரின் ஒரு பழக்கம். ஓடும் என்ஜினை அவர் வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை. ஒன்றில் பலூன் கட்டைத் தளர்த்துவார். இன்னொன்றில் கிராங்க் கோணத்தைக் கெடுப்பார். வேறொன்றில் டிஸ்பிளேசர் தண்டைச் சற்றே வளைத்துவிடுவார். பிறகு குழுவுக்கு ஒன்றாகப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார். தொட்டும் கேட்டும் சுற்றிப் பார்த்தும், ஒவ்வொரு காரணமாகக் கழித்துக்கொண்டே வந்து, அவர்களே குறையைக் கண்டுபிடிக்க வேண்டும். சூத்திரத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ஓடாத என்ஜினிடம் அது செல்லாது. நம் பள்ளி ஆய்வகங்களில் பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் பளபளக்கும் மாதிரிகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில், பிள்ளைகள் பிரித்துப் பார்ப்பதற்கென்றே, நின்றுபோன ஒரு தகர டின் என்ஜினையும் வைக்க வேண்டும். அதை ஓட வைக்கும் பிள்ளைக்கு வெப்ப இயக்கவியலை வேறு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.