முழுக்குத்துறைக்கு இருவர்

தில்லைக்கு உரிய தீர்த்தங்கள் பத்து என்பர். அவற்றுள் திருக்கோயிலுக்குள் விளங்கும் சிவகங்கையை அறியாத அன்பர் இரார். ஊருக்கு வெளியே, கிள்ளையை அடுத்த கடலும் அப்பத்தில் ஒன்று என்பதைப் பலர் அறிவதில்லை. குய்ய தீர்த்தம் என்பது அதன் பெயர். இருளில் எதிரே வந்தவர் தன் குருவென்று அறியாமல், பகைவன் எனக் கருதிப் படையை ஏவிவிட்டான் வருணன். அந்தப் பழி கயிறாக வந்து அவனைக் கட்டியது. மாசி மக நாளில் இறைவன் கடற்கரைக்கு எழுந்தருளி அக்கட்டை அறுத்தமையால் அத்துறைக்குப் பாசமறுத்தான் துறை என்று பெயர் வந்தது என்று புராணம் கூறும். இன்றும் மாசி மகத்தன்று சுவாமிகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கடற்கரைக் குப்பத்துக்கு முழுக்குத்துறை என்றே பெயர்.

1983-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், சேலத்துப் பெண் ஒருத்தி கிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கணவன் சிதம்பரத்தில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர். வீட்டில் அவனுடைய தாயார் ஒருவரே. காலையில் பாசஞ்சர் வண்டி ஏறினால் அடுத்த நிலையமே சிதம்பரம். அன்று அது மீட்டர் கேஜ் பாதை. மாலை வண்டியின் ஊதல் கேட்டதும் மருமகள் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைப்பாள். சேர்வராயன் மலையைப் பார்த்து வளர்ந்தவளாகையால் கடல் அவளுக்குப் புதிது. காற்றில் வரும் உப்பு வாடையும், கொடியில் உலர்த்திய துணி மாலைக்குள் மறுபடி ஈரமாகிவிடுவதும் அவளுக்கு வியப்பாகவே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேனும் அழைத்துச் செல்ல வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அழைத்தும் சென்றான். ஆனால் இருவராகச் சென்றதாக ஒரு நாளும் இல்லை. அக்காலத்து வீடுகளில் புதுமணத் தம்பதியர் தனியே வெளியில் போவதற்குத் தடை என்று எதுவும் இல்லை. போவதாகச் சொன்னால், "இரு, நானும் வருகிறேன்" என்று பெரியவர்கள் புடைவையை மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பிச்சாவரத்துக்குச் சென்ற முதல் பயணத்தில், தாயாரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நால்வருமாகச் சேர்ந்து ஏழு பேர். ஒரே துடுப்புப் படகு. 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். படகில் போன இடம் எது என்பதே தாயாருக்கு அன்று தெரிய வேண்டியிருந்தது. படகோட்டி ஒவ்வொரு திருப்பத்திலும் "இதுதாம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சுரபுன்னையின் வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்பதைப் பார்த்தபடி வந்த மருமகள், தலைமேல் தாழ்ந்த வேறொரு கிளையைப் பற்றி ஓர் இலையைக் கிள்ளிவிட்டாள். வெண்பால் கசிந்தது. "கண்ணிலே கையை வைக்காதேம்மா!" என்று படகோட்டி போட்ட சத்தத்தில் பிள்ளைகள் எழுந்து நிற்க, படகு ஆடி, சம்பா சாதத்துக்கென்று தாயார் செய்து எடுத்து வந்திருந்த கத்தரிக்காய் கொத்சு கவிழ்ந்தது. அந்த மரந்தான் தில்லை. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த மரம். அதன் பால் பட்டால் கண்ணுக்கு ஆகாது. கொத்சு போனதற்காகத் தாயார் வருந்தவில்லை. தில்லை மரத்தை மருமகள் தொட்டுவிட்டாள் என்பதையே ஊர் முழுவதும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் தலை தீபாவளி வந்தது. சேலத்தில் மாப்பிள்ளைக்குப் போடுவதாகச் சொன்ன மோதிரத்தை அவளுடைய தந்தையால் அந்த ஆண்டு போட முடியவில்லை. தறி முதலாளியிடம் வர வேண்டிய கூலி வந்து சேரவில்லை. மாப்பிள்ளை அதைப் பொருட்படுத்தவும் இல்லை. ஊர் திரும்பிய மூன்றாம் நாள், திண்ணையில் அண்டை வீட்டு அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்த தாயார், "சேலத்தார் வாயாலேயே பந்தல் போட்டுவிடுவார்கள்" என்றார். பேச்சோடு பேச்சாக வந்த சொல். உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மருமகள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவன் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினான்.

அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. மாமியாரிடம் பேசினாள், எப்போதும்போல் பணிவாகவே பேசினாள். "அத்தை, இலை போட்டாயிற்று என்று சொல்லுங்கள்." "அத்தை, நாளைக்கு வெள்ளைச் சட்டையா நீலமா என்று கேளுங்கள்." அவனும் சில நாள்கள் பார்த்துவிட்டு, "அம்மா, எது துவைத்திருக்கிறதோ அது போதும்" என்று சொல்லக் கற்றுக்கொண்டான். ஒரு கிளையில் போட்ட காசோலை தீர்வகம் போய் மறு கிளைக்கு வருவதுபோல, மூன்றடி தொலைவில் இருந்த இருவரின் சொற்களும் தாயார் வழியாகவே போய்வந்தன. கார்த்திகை தீபம் போயிற்று. மார்கழித் திருவாதிரை போயிற்று. ஆருத்ரா தரிசனத்துக்கு முதல் நாள் தேர்க்கூட்டத்தில் மூவரும் நின்றார்கள், நடுவில் தாயார்.

தை மாத விசாகத்தன்று தாயார் இருவரையும் சிதம்பரத்துக்கு அழைத்துச் சென்றார். நடராசப் பெருமான் திருக்கோயிலுக்கு மேற்கே உள்ள திருப்புலீச்சரத்தை ஊரார் இளமையாக்கினார் கோயில் என்று வழங்குவர். அதன் எதிரே இருக்கும் குளமும் தில்லையின் பத்துத் தீர்த்தங்களில் ஒன்று, வியாக்கிரபாத தீர்த்தம். தை விசாகம் திருநீலகண்ட நாயனாரின் குருபூசை நாள்.

அந்த வரலாற்றை இந்நாட்டில் கேளாதவர் இலர். ஆயினும் அதை ஓர் இளம் தம்பதியின் குடும்பக் கதையாகக் கேட்பவர் குறைவு. குயவர் குலத்துப் பெரியவர்; அடியவர்களுக்குத் திருவோடு செய்து அளிப்பதைத் தொண்டாகக் கொண்டவர். மணமான இளமையில் பரத்தை ஒருத்தியின் வீட்டுக்குச் சென்று திரும்பினார். மனைவியார் ஊடினார். சமாதானம் செய்ய நெருங்கியபோது, திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுத் தீண்டக் கூடாது என்றார். 'என்னை' என்று சொல்லாமல் பன்மையாகச் சொல்லிவிட்ட காரணத்தால், மற்ற மாதரையும் மனத்தாலும் தீண்டேன் என்று நாயனார் அந்தச் சொல்லை முழுதாக ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு அதே சிறிய வீட்டில், செய்ய வேண்டிய பணிவிடைகள் ஒன்றும் குறையாமல், ஒருவரை ஒருவர் தீண்டாமல், அயலார் அறியாமல் இருவரும் முதுமை எய்தினார்கள்.

பிறகு நடந்ததைச் சேக்கிழார் பெருமான் விரித்து உரைக்கிறார். சிவயோகியாக வந்த இறைவன் ஓடு ஒன்றைக் கொடுத்து வைத்து, பின் வந்து கேட்கிறான், ஓட்டைக் காணோம். மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்கிறான். வழக்குத் தில்லைவாழ் அந்தணர் முன் போகிறது. அவர்களும் மூழ்குவதே முறை என்று சொல்லிவிடுகிறார்கள். முதியவர் இருவரும் ஒரு மூங்கில் தண்டின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு குளக்கரையில் நிற்கிறார்கள். கையைப் பிடி என்று யோகி வற்புறுத்த, இத்தனை ஆண்டுகளாக வீட்டுக்குள் இருந்ததை நாயனார் ஊரார் அனைவரும் கேட்கச் சொல்லுகிறார். சொல்லிவிட்டு மூழ்குகிறார்கள். எழும்போது இருவரும் இளமையோடு எழுகிறார்கள்.

இந்த வரலாற்றில் அவ்விருவரும் சேர்ந்து வீட்டை விட்டு எங்கேனும் சென்றதாக வருவது அந்தக் குளக்கரை வரையிலான நடை ஒன்றுதான். அதற்கும் ஒரு வழக்கு வேண்டியிருந்தது.

குளக்கரையில் அன்று ஐதிகத்தைக் கண்டுவிட்டுத் திரும்புகையில், "அந்த அம்மாளுக்கு என்ன பேரென்று பெரியபுராணத்திலும் இல்லையாமே" என்று தாயார் சொன்னார். மகனும் மருமகளும் விடை சொல்லவில்லை. வண்டியில் தாயார் சன்னலோரம் அமர்ந்துகொண்டு, மற்ற இருவரையும் எதிர் இருக்கையில் அடுத்தடுத்து உட்காரச் செய்தார். அதுவரை அப்படி அவர் செய்ததில்லை.

மாசி மகம் வந்தது. கிள்ளைக்கு அது ஊர்த் திருநாள். மேற்கே வெகு தொலைவிலிருந்து ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் ஊர் ஊராக மண்டகப்படி கண்டு கடலாட வருகிறார். எட்டுச் சுயம்வியக்தத் தலங்களில் ஒன்றின் பெருமாள் நம் ஊர் வீதி வழியே போகிறார் என்றால் எந்த வீட்டில்தான் ஆள் இருப்பார்கள்! ஆனால் காலையில் தாயார் எழுந்திருக்கவில்லை. "எனக்கு மூட்டு வலி. நீங்கள் இருவரும் போய்வாருங்கள்" என்றார். முதல் நாள் இரவு ஆட்டுக்கல்லில் இரண்டு படி அரிசி அரைத்தவர் அவர். மகன் வண்டி பிடித்து வருவதாகச் சொன்னான். வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, தீர்த்தம் கொண்டுவர ஒரு செம்பை மட்டும் எடுத்துப் போகச் சொன்னார்.

இருவரும் நடந்தார்கள். தைக்கால் அருகே கூட்டம் நின்றது. அங்குள்ள தர்காவைச் சேர்ந்த இசுலாமியப் பெரியவர்கள் பெருமாளை எதிர்கொண்டு வரவேற்றுக் காணிக்கை அளிப்பதும், பெருமாளின் மாலையும் மரியாதையும் அவர்களுக்கு வழங்கப்படுவதும் வழிவழி வந்த முறை. நவாப் ஒருவரின் நோய் பெருமாள் அருளால் தீர்ந்ததிலிருந்து தொடங்கிய உறவு என்பார்கள். சேலத்துப் பெண் இதைக் கண்டதில்லை. கணவனிடம் கேட்கலாம், கேட்க மாமியார் இல்லை. அருகில் நின்ற ஒரு பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பாட்டி சொன்னதில் பாதி தவறு. அவன் திருத்த வாயெடுத்து, நிறுத்திக்கொண்டான்.

முழுக்குத்துறையில் கரை முழுவதும் தலைகள். சுவாமிகள் எழுந்தருளியதும் அத்தனை பேரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். அவள் மணலில் நின்றுவிட்டாள். அலையைக் கண்டு உண்மையிலேயே அச்சம். பலர் பார்க்கக் கணவன் கையைப் பிடிப்பது அந்நாளில் வழக்கமில்லை. பேசாதவன் கையை எப்படிப் பிடிப்பது? அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து ஒரு முனையை நீட்டினான். சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு அவள் பிடித்துக்கொண்டாள். முழங்கால் அளவு நீர்வரை இருவரும் அப்படியே போனார்கள். குளக்கரையில் கண்ட மூங்கில் தண்டு அவர்களுக்கு நினைவு வந்ததோ என்னவோ, இருவரும் பிற்காலத்தில் அதைப் பற்றிச் சொன்னதில்லை.

மூன்றாவது அலை பெரிது. துண்டு போயிற்று. அவள் அவன் மணிக்கட்டை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு முழுகி எழுந்தாள். கண்ணில் உப்புநீர் எரிய, கரைப்பக்கம் பார்த்தவள், மூன்று மாதங்களுக்கு மேல் ஆன பிறகு அவனிடம் நேராகப் பேசினாள்.

"என்னங்க, செருப்பு!"

கரையில் விட்டிருந்த அவளுடைய புதுச் செருப்பை அதே அலை வாரிக்கொண்டு வந்திருந்தது. அவன் பாய்ந்தான். ஒன்று கையில் அகப்பட்டது. அதைத் தூக்கிக் காட்டுவதற்குள் மற்றொன்று கடலுக்குள் போய்விட்டது. அகப்பட்டதையும் என்ன செய்வதென்று தெரியாமல் அவன் நின்ற கோலத்தைக் கண்டு அவள் சிரித்தாள். பக்கத்தில் முழுகிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

திரும்பும் வழியில் மாசி வெயிலில் தார் காய்ந்திருந்தது. அவன் தன் செருப்பைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அவள் மறுத்தாள். அவனும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டான். வெறுங்காலோடு, சாலையோரத்து மணலைத் தேடித் தேடி மிதித்து நடக்கையில் அவள் சொன்னாள்:

"அன்றைக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்க வேண்டும்" என்றான் அவன்.

அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சு நடக்கவில்லை. தைக்காலில் பாட்டி சொன்னதில் எது தவறு என்று அவன் விளக்கிக்கொண்டு வந்தான்.

வீட்டு வாசலில் தாயார் நின்றுகொண்டிருந்தார். மூட்டு வலியைக் காணோம். நனைந்த உடையையும் வெறுங்கால்களையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. செம்பில் தீர்த்தம் இருந்ததா என்றால், செம்பே இல்லை. அது கடற்கரையில் எங்கோ கிடந்தது. "போகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு, வெந்நீர் போட உள்ளே போனார்.

மறுநாள் மகன் அலுவலகம் போனபின் தாயார் ஒரு அஞ்சலட்டையை எடுத்துவந்து மருமகள் முன் வைத்தார். தமக்கு எழுதக் கை நடுங்குகிறது என்றார். சேலத்துச் சம்பந்திகள் ஆனித் திருமஞ்சனத்துக்கு வந்து பத்து நாள் தங்க வேண்டும், நடராசர் தேர் பார்க்க வேண்டும், பிச்சாவரத்தில் படகு ஏற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, மருமகள் எழுதிக்கொண்டே வந்தாள். அட்டையில் ஒரு வரிக்கு மட்டும் இடம் இருந்தது.

"கையை வீசிக்கொண்டு வந்தால் போதும் என்று எழுதும்மா" என்றார் தாயார்.

மருமகள் பேனாவை எடுத்தபடி நிமிர்ந்து பார்த்தாள். தாயார் அந்த நேரத்துக்கு முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.